கரடிக்குத் தாய்மாமன்

என் தங்கச்சி பாஞ்சாலைக்கு எங்கள் எஸ்டேட்டில் இரண்டு பட்டப்பெயர். தேயிலை மலையில் அவள் ‘மிஷின்’. மற்ற பெண்கள் ஒரு கூடை கொழுந்து நிரப்புவதற்குள் இவள் இரண்டாவது கூடையையும் நிறுவைக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, “முள்ளு சரியா நிக்குதான்னு பாத்துட்டு எழுதுங்க” என்று கணக்கெழுதும் கிராணியிடம் சண்டைக்கு நிற்பாள். நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் அவள் ‘கரடியம்மா’. இந்த இரண்டாவது பெயரை அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுமந்த காலமும் உண்டு, அதே பெயரால் தலை குனிந்து நடந்த காலமும் உண்டு. குனிய வைத்தவன் அவள் கூடப்பிறந்த அண்ணன், அதாவது நான். பெயர் சிங்காரம், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆட்களுக்கு மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, இருந்து ஓய்வு பெற்றவன்.

அவள் என்னைவிட எட்டு வயது சின்னவள். பதினேழு வயதில் எஸ்டேட் லோரி ஓட்டிய பக்கிரிசாமிக்குக் கட்டிக்கொடுத்தோம். மூன்று முறை உண்டானாள், மூன்றும் தங்கவில்லை. கடைசியாகப் பிறந்தது மட்டும் ஒன்பது நாள் உயிரோடு இருந்தது. 1970இல் தாப்பா ரோட்டு வளைவில் லோரி கவிழ்ந்து பக்கிரிசாமியும் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு என் வீட்டுக்கு மூன்றாவது கதவில் தனியாக இருந்தாள். யாராவது பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டினால், “போயி உங்க அடுப்பப் பாருங்கலா” என்று விரட்டிவிடுவாள்.

1974இல் ஒரு நாள் மேல்மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் காட்டை அழித்து யாரோ காய்கறித் தோட்டம் போட்டுக்கொண்டிருந்த நேரம். தண்ணீர் ஓடும் கான் வாய்க்காலுக்குள் ஏதோ முனகியது. எட்டிப் பார்த்தால் பூனையளவு கரடிக்குட்டி, நெஞ்சில் மஞ்சளாக ஒரு பிறை. தாய் வரட்டும் என்று இரண்டு நாள் அங்கேயே விட்டுப் பார்த்தோம். வரவில்லை. மூன்றாம் நாள் சாக்கில் போட்டு லைனுக்குக் கொண்டுவந்தேன். பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டலாம் என்பதைத் தவிர என் மண்டையில் வேறு ஒன்றும் இல்லை. பாஞ்சாலை வந்தாள், பார்த்தாள், “குடு இங்க” என்று வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். சாக்கு மட்டும்தான் எனக்குத் திரும்பி வந்தது.

கெட்டிப்பாலைச் சுடுதண்ணீரில் கலக்கித் துணியில் நனைத்து ஊட்டினாள். வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து எல்லாரையும் பார்த்து உறுமுவதால் அதற்குச் ‘சின்னதுரை’ என்று பெயர் வைத்தாள். ஒரு நாள் எஸ்டேட்டின் உண்மையான சின்னதுரை, அதாவது உதவி மேனேஜர், மோட்டாரில் லைன் பக்கம் வந்த நேரத்தில் இவள் உள்ளே இருந்து, “டேய் சின்னதுரை, மறுபடியும் அரிசிக்குள்ள மூத்திரம் பேஞ்சியா, இன்னைக்கு உன் தோல உரிக்கிறேன்” என்று கத்தினாள். அந்த மனிதர் மோட்டாரை நிறுத்தாமலே போய்விட்டார். லைனே விழுந்து விழுந்து சிரித்தது.

குட்டி வந்து ஒரு மாதம் ஆன அன்று பாஞ்சாலை என் வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணே, இன்னையோட முப்பது நாளு. அரணாக்கயிறு கட்டணும். தாய்மாமன் நீதான் வரணும்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒன்பது நாளில் போன பிள்ளைக்கு முப்பதாம் நாள் கும்பிட்டுக் கயிறு கட்ட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அது அவள் கண்ணில் அப்படியே நின்றது. சரி, போய்த் தொலைகிறேன் என்று கிளம்பினேன். கடையில் விற்கிற பருத்திக் கயிற்றை அது ஒரே நாளில் கடித்துப் போட்டுவிடும் என்று, கறுப்பு நைலான் நூலை மூன்று புரியாகத் திரித்தேன். முனியாண்டி கோயில் தாயத்து ஒன்றைக் கோத்தேன். இடுப்பில் சுற்றி, கவ்வாத்துக்காரன் விறகுக் கட்டுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டேன். “இது ஜென்மத்துக்கும் அறாதுலா” என்று பீற்றிக்கொண்டது வேறு.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை வளர வளர அந்தக் கயிற்றைக் கட்டிய கைதான் தளர்த்தி விட வேண்டும். வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. வெட்டி எறிந்துவிட்டு வெறும் இடுப்பாக விடவும் கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். மூன்றைத் தொலைத்தவள் இதையெல்லாம் நம்பாமல் இருப்பாளா? நம்பினாள். தாய்மாமன் வருவான் என்றும் நம்பினாள்.

மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். “என்ன மாமா, மருமவனுக்கு எப்பப் பொண்ணு பாக்கப் போறீங்க?” என்று ஒருவன். “மாமனும் மருமவனும் ஒரே சாடை” என்று இன்னொருவன். கிராணிகூட என் பெயரைக் கூப்பிடும்போது, ‘கரடி மாமா சிங்காரம்’ என்றார். அந்த வருடம்தான் என்னை மண்டோராகப் போடலாமா என்று எஸ்டேட் மேனேஜர் துரை யோசித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. நாளைக்கு இவன்களை வைத்து வேலை வாங்க வேண்டியவன் நான், இவன்கள் இப்படிச் சிரிப்பாய்ச் சிரித்தால் எவன் என்னை மதிப்பான்? அன்றிலிருந்து பாஞ்சாலை வீட்டுப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பாஞ்சாலை என் மனைவி செல்லத்திடம் சொல்லி அனுப்பினாள். கயிறு இறுக்கமாக இருக்கிறது, வந்து தளர்த்திவிட்டுப் போகச் சொல் என்று. நான் போகவில்லை. அடுத்து தண்ணீர்க் குழாயடியில் என்னை நேராகவே பிடித்தாள். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். “வரேன், வரேன், அடுத்த வாரம்” என்று நழுவினேன். மூன்றாவது முறை வீட்டுக்கே வந்தாள்.

“அண்ணே, குளிப்பாட்டுறப்ப அங்க கை பட்டா கத்துது. ரெண்டு நிமிஷ வேலைதானே. இருட்டுன பெறகாச்சும் வந்துட்டுப் போ.”

“கரடிக்கு எதுக்குடி கயிறும் கத்தரிக்காயும்? உனக்குத்தான் பைத்தியம் புடிச்சிருச்சுன்னா என்னையும் ஏன் பைத்தியக்காரன் ஆக்குற?” என்றேன். அவள் வாசலிறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் வனவிலங்கு இலாகா ஜீப் வந்தது. கரடியை வீட்டில் வளர்ப்பது குற்றம், ஆனாலும் கேஸ் போடவில்லை, கொடுத்துவிடுங்கள் என்று மரியாதையாகவே கேட்டார்கள். பாஞ்சாலை தன் கையாலேயே கூண்டில் ஏற்றினாள். அடர்ந்த முடிக்குள் கயிறு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆனால் எனக்கு ஞாபகம் வந்தது. சத்தியமாக வந்தது. ஜீப்புக்குப் பக்கத்தில் துரை நின்றார். துரைக்கு முன்னால் போய்க் கரடி இடுப்பில் கை விட்டு முடிச்சு அவிழ்ப்பதா? அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்று சும்மா இருந்துவிட்டேன். பாஞ்சாலை என்னைப் பார்த்தாள், அதுவும் எனக்குத் தெரியும். நான் மேல்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் மண்டோர் ஆனேன்.

குட்டி ஈப்போவுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன டவுனின் மிருகக்காட்சிசாலையில் இருப்பதாக ஜீப்காரன் சொல்லிவிட்டுப் போனான். அதைப் பிடித்துக்கொண்டாள் பாஞ்சாலை. பிள்ளையை டவுனில் படிக்க அனுப்பியவள் போல, “என் சின்னதுரை ஜூவுல இருக்கான், கவர்மெண்டு சாப்பாடு” என்று கியா பார்ம் காய்கறிக் கடைகள்வரை சொல்லிக்கொண்டு திரிந்தாள். கூப்பிட்டால் இப்போதும் வருவானா என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே கேள்வி. “எத்தன வருசம் ஆனாலும் என் கொரல அவனுக்குத் தெரியும். ஒரே ஒரு தடவ நேர்ல நின்னு கூப்புட்டுப் பாக்கணும்” என்பாள்.

1979 டிசம்பர் பள்ளி விடுமுறையில் கோயில் கமிட்டி சார்பில் பஸ் பிடித்தோம். கமிட்டித் தலைவர் யார்? நான்தான். கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே மிருகக்காட்சிசாலை. பாஞ்சாலை பச்சைச் சேலை கட்டி, பையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு கெட்டிப்பால் டின்னும் வைத்திருந்தாள். தாப்பா இறங்குகிற வரைக்கும் பாதிப் பஸ் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. இவள் மட்டும் ஒவ்வொரு சீட்டாகப் போய், “கூப்புட்டதும் ரெண்டு கால்ல நிப்பான் பாருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சின்ன இடம்தான். பெரிய மழைமரங்கள், நடுவில் ஒரு குளம். எங்களுக்குச் சுற்றிக் காட்டியவர் நல்லுசாமி என்கிற தமிழர், கரடிகளைப் பார்த்துக்கொள்பவர். அமைதியாகப் பேசுகிற மனிதர். காடு அழியும்போது அநாதையாகிற குட்டிகளும் கண்ணியில் மாட்டிக் காயம் பட்டதுகளும் அங்கே வருமாம். குணமானவற்றை இலாகாக்காரர்கள் மறுபடியும் காட்டில் கொண்டுபோய் விடுவார்களாம். சிறகு ஒடிந்த ஓர் இருவாச்சியைக் காட்டினார். கண்ணியில் காலை இழந்த மானைக் காட்டினார். பிறகு கரடிப் பள்ளத்துக்கு வந்தோம்.

அங்கே சின்னதுரை ஒரு மரக்கட்டையைப் பிளந்து எறும்பு நக்கிக்கொண்டிருந்தது. ஆள் அளவுக்கு வளர்ந்திருந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் எல்லாருக்கும் தெரிந்தது: இடுப்பைச் சுற்றி முடியே முளைக்காமல் வெள்ளைத் தழும்பு, பெல்ட் கட்டினது மாதிரி. பாஞ்சாலை கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். அதற்குள் நல்லுசாமி பேச ஆரம்பித்தார்.

“இத ஏழு மாசக் குட்டியா இங்க கொண்டாந்தாங்க. சாப்பிடாது, தொட விடாது. ஒரு நாளு மயக்க ஊசி போட்டுப் பாத்தா, இடுப்புல நைலான் கயிறு. சதைக்குள்ள ஒரு வெரக்கட ஆழம் போயிருச்சு. உள்ள புழு. டாக்டரு அறுத்து எடுத்தாரு. ஆற ஒரு வருசம் ஆச்சுங்க. அதுக்குள்ள மனுசன் கையில தின்னு பழகிருச்சு, இனி காட்டுல பொழைக்காது. கூட வந்த ரெண்டு குட்டி காட்டுக்குப் போயிருச்சு. இது மட்டும் சாவுற வரைக்கும் இங்கதான்.”

சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே மூன்று புரிக் கறுப்புக் கயிறு, பச்சை பூத்த தாயத்து. முடிச்சு அப்படியே இருந்தது. மருத்துவர் பக்கத்தில் வெட்டியிருந்தார், முடிச்சை அவிழ்க்க முடியவில்லை போலிருக்கிறது.

“தாயத்தப் பாத்தா நம்ம ஆளுதான் கட்டியிருக்கான்” என்றார் நல்லுசாமி. “கட்டுனதக்கூட நான் தப்பு சொல்லல. ஏதோ பாசம். வளருதே, கொஞ்சம் தளத்தி விடுவோம்னு எவனுக்கும் தோணலியே. ரெண்டு நிமிஷ வேலை. அவனெல்லாம் மனுசனா?”

ஐம்பது பேர் நின்றார்கள். அத்தனை பேரும் பாஞ்சாலையைப் பார்த்தார்கள். வளர்த்தவள் அவள்தானே. கயிறு கட்டியவன் நான் என்பது அவர்களில் பலருக்கு ஞாபகம் இருந்திருக்கும். என்னைக் கேலி செய்த பயல்களே அங்கே நின்றார்கள். ஆனால் மண்டோரைப் பார்த்து எவன் வாயைத் திறப்பான்? பாஞ்சாலையும் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சொல்வான் என்று காத்திருக்கிற பார்வை அது. தொண்டை அடைத்துக்கொண்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. கமிட்டித் தலைவர், மண்டோர், வெள்ளை வேட்டி, அதையெல்லாம் விட மனசு வரவில்லை.

அவள் நல்லுசாமி பக்கம் திரும்பினாள்.

“நான்தான்யா வளத்தேன். நான்தான் கட்டுனேன்” என்றாள். “எனக்குப் புள்ள வளத்துப் பழக்கமில்ல.”

பின்னாலிருந்து யாரோ ஒரு பெண், “கூப்புடு பாஞ்சால, வருதான்னு பாப்போம்” என்றாள். பாஞ்சாலை தலையை ஆட்டினாள். “கட்டுனது நான்னு சொல்லிட்டு எந்த வாயால கூப்புடுறது?” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். பழமும் பால் டின்னும் பையிலேயே இருந்தன. திரும்பி வரும்போது யாரும் அவள் பக்கத்துச் சீட்டில் உட்காரவில்லை. முன் சீட்டில் ஒருத்தி இன்னொருத்தியிடம், “இதுக்குத்தான் சாமி இவளுக்குப் புள்ள நிக்க விடல” என்றது என் காதில் தெளிவாக விழுந்தது. தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்திருக்கலாம். வழியில் தானா ராத்தா டவுன் வந்ததும் இறங்கி எல்லாருக்கும் டீ சொன்னேன்.

அதற்குப் பிறகு லைனில் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளும் போகவில்லை. சின்னதுரை என்ற பெயரை அவள் வாயால் நான் மறுபடி கேட்கவில்லை. கொழுந்து மலையில் அதே மிஷின்தான், ஆனால் கிராணியிடம் சண்டை போடுவது நின்றுவிட்டது. எழுதியதை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். என்னிடம் வழக்கம்போலப் பேசினாள், பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்து அனுப்பினாள். அதைத் தின்றுகொண்டு ஆறு வருடம் ஓட்டினேன்.

1985இல் என் மகள் சாரதாவுக்கு முதல் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் என் வீட்டிலேயே கும்பிட்டோம். சாரதாவின் மாமியார் மணியம்மா கம்போங் ராஜாவிலிருந்து ஒரு வேன் ஆட்களோடு வந்திருந்தார். பாஞ்சாலை வெள்ளியில் ஓர் அரைஞாண் கொடி செய்து கொண்டுவந்திருந்தாள். தட்டில் வைத்து நீட்டியபோது மணியம்மா குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அது வேணாம்லா. தப்பா நெனைக்காதீங்க. கரடியோட இடுப்ப அறுத்த கைன்னு சொல்றாங்க. பச்சப் புள்ள பாருங்க” என்றார்.

பாஞ்சாலை தட்டைக் கீழே வைத்துவிட்டு எச்சில் இலை எடுக்கப் போனாள். சண்டை போடவில்லை, முகம்கூட மாறவில்லை. பழகிப் போயிருந்தது அவளுக்கு. அவள் குனிந்து இலையை மடித்ததைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

“அந்தக் கயித்தக் கட்டுனது நான்” என்றேன். கத்திவிட்டேன் போல, குழந்தை அழுதது. “இவ மூணு தடவ கூப்புட்டா. நான் போகல. கரடிக்குத் தாய்மாமன்னு பெரட்டுல சிரிப்பானுங்கன்னு போகல. ஜூவுல இவ எனக்காகப் பொய் சொன்னா. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

மானம் கப்பலேறியது. ஏறட்டும். ஒரு பாரம் இறங்கியது என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன், வெட்கம் கெட்டவன். பாஞ்சாலை இலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஆறு வருடமாகக் காணாத கோபம் அவள் முகத்தில் இருந்தது.

“இங்க எதுக்குச் சொல்ற? இங்க யாருக்கு இடுப்பு அறுந்துச்சு? அங்க வந்து சொல்லு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மட்டும் பஸ் ஏறினோம். நல்லுசாமிக்குத் தலை நரைத்திருந்தது. பாஞ்சாலையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். நான் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், ஜீப்புக்குப் பக்கத்தில் ஞாபகம் வந்தது உட்பட. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

“இந்தக் கதைய வர்ற பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கேன்யா” என்றார். “இந்த அம்மாதான் கட்டுனதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். இனிமே மாத்திச் சொல்லவா?”

“சொல்லுங்க. என் பேரையும் சேத்துச் சொல்லுங்க” என்றேன். அவர் பெயரைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

பாஞ்சாலை கம்பிக்குப் போனாள். சின்னதுரை பள்ளத்தின் அந்தக் கோடியில், மர நிழலில் படுத்திருந்தது. வயதாகியிருந்தது, முகவாயில் நரை. அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு லைனே கேட்கிற மாதிரிக் கூப்பிடுவாளே, அந்தக் குரலில் கூப்பிட்டாள்.

“டேய் சின்னதுரை!”

தலை நிமிர்ந்தது. காது அசைந்தது. எழுந்து, கனத்த உடம்பை ஆட்டி ஆட்டி, நேராக எங்களுக்குக் கீழே வந்து இரண்டு காலில் நின்றது. நெஞ்சில் அந்த மஞ்சள் பிறை, அதற்குக் கீழே தழும்பு. மூக்கைத் தூக்கி அவளைப் பார்த்து உறுமியது. நல்லுசாமி கையிலிருந்த தாளைக் கீழே போட்டுவிட்டார். பாஞ்சாலை அழுதாள், சிரித்தாள், கண்டபடி திட்டினாள். நான் கம்பியைவிட்டு இரண்டடி தள்ளியே நின்றேன்.

வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டாள்.

“அன்னைக்குக் கூப்புட்டிருந்தாலும் வந்திருப்பான்லண்ணே?”

“வந்திருப்பான் தாயி” என்றேன்.